எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை இல்லை

தம்பியின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். முதல் வரைவை அவனுக்கு அனுப்பியபோது இரண்டு திருத்தங்கள் சொன்னான். ஓரிடத்தில் அவனை அளவுக்கு மீறிப் பரிதாபத்துக்குரியவனாக ஆக்கிவிட்டேன் என்றான். அந்தப் பத்தி இப்போது இதில் இல்லை.

எங்கள் வீடு கோலார் தங்கவயலில் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் சென்று சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது எனக்கு மூன்று வயது. அதன்பின் அப்பா, அவ்வூரின் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் போல, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவரானார். ஒரு வழிக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இரவு ஒன்பது மணியளவில் அவர் திரும்பி, கைகால் கழுவி, பாயை விரித்த பிறகே எங்கள் குடும்ப ஜெபம் தொடங்கும். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாகம், அப்பாவின் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். சாப்பாடு அதற்குப் பின்புதான்.

லைன் வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுச் சண்டை எங்கள் வீட்டுக்குள் நடப்பதுபோலவே கேட்கும். அந்தச் சண்டைகளின் சொல்வளம் எங்கள் நாவில் ஒட்டிவிடக் கூடாது என்பதில் அப்பா மிகுந்த கண்டிப்புடன் இருந்தார். எபேசியர் நான்காம் அதிகாரத்தின் இருபத்தொன்பதாம் வசனம் எங்கள் வீட்டுச் சட்டம். வசனக் காலண்டரில் அந்தத் தாள் வந்த ஆண்டு எதுவென்று தெரியாது. கிழித்து எடுத்து அட்டையில் ஒட்டிச் சமையலறைக் கதவின் மேல் வைத்திருந்தார். கெட்ட வார்த்தை எதுவும் வாயிலிருந்து புறப்படக் கூடாது என்பது அதன் சாரம். ஐந்தாம் வகுப்பில் தெருவில் கற்ற ஒரு சொல்லை நான் வீட்டுக்குள் சொல்லிவிட்டேன். அன்று என் வாய் சோப்பால் கழுவப்பட்டது. சோப்பின் பெயர்கூட நினைவிருக்கிறது. அதன்பின் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை இல்லை.

விதிவிலக்கு ஆயா மட்டும். அப்பாவைப் பெற்றவர். அவருடைய கணவர் நிலத்தடியில் வேலை பார்த்தவர்; தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்று பிள்ளைகளை வளர்த்தவர் ஆயா. அவர் பேச்சில் மூன்று சொல்லுக்கு ஒன்று அச்சிடத் தகாதது. ‘நாசமாப் போறவனே’ என்பது தம்பிக்கு அவர் வைத்திருந்த செல்லப் பெயர். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ‘வயசானவங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு’ என்று அம்மா சமாதானம் சொல்லுவார்.

தம்பிக்குத் திக்குவாய். நான்கு வயதில் தொடங்கியது. ‘க’, ‘ப’, ‘சி’ ஆகியவற்றில் தொடங்கும் சொற்கள் அவனுக்கு மேடு. சில நாள்களில் ஒரு சொல்லின் முதல் ஒலியிலேயே நின்றுவிடுவான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடும். ஒன்பது வயதில் அப்பா சம்பளமில்லா விடுப்பு எடுத்து அவனை மைசூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. அவனைப் பரிசோதித்த அம்மையார் பெற்றோரிடம் பொறுமையாக விளக்கினாராம். திக்குதல் நரம்பு வளர்ச்சியோடும் ஓரளவு பரம்பரையோடும் தொடர்புடையது. பெற்றோர் வளர்த்த முறையால் வருவதன்று. (அப்பாவின் சித்தப்பா ஒருவருக்கும் இருந்தது.) பயிற்சிகள் சில உண்டு. வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவன் பேசும்போது காத்திருங்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகச் சொல் என்று அறிவுரையும் கூறாதீர்கள். இரண்டு மாதங்கள் கடைப்பிடித்தோம். பிறகு பள்ளிக்கூடம், ரயில், ரேஷன், வீட்டு வேலை எல்லாம் வந்து அந்த அறிவுரையை மூடிவிட்டன.

ஆயா மட்டும் மைசூருக்கு வரவுமில்லை, அறிவுரையைக் கேட்கவுமில்லை. ஆனால் அவர் காத்திருப்பார். பூண்டு உரித்துக்கொண்டோ வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டோ இருப்பார். தம்பி ஒரு சொல்லில் நின்றுவிட்டால் பூண்டும் நிற்காது, ஆயாவின் முகமும் மாறாது. சொல் வெளிவந்ததும் ‘அப்புறம், நாசமாப் போறவனே?’ என்பார். பள்ளியில் நடந்தவை அனைத்தையும் அவன் அவரிடம்தான் சொன்னான். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஆயா இறந்தார். அதன்பின் அவன் யாரிடம் எதைச் சொன்னான் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மொழியியல் முதுகலையின் முதலாண்டில், ஐதராபாத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, களப்பணி வகுப்புக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. அவரவர் சமூகத்தில் இயல்பாக நிகழும் ஒரு பேச்சு நிகழ்வைச் சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு பதிவுசெய்து, இடைவெளி, தயக்கம், குறுக்கீடு அனைத்தையும் குறித்து எழுத்தில் பெயர்க்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். குடும்ப ஜெபத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்பாவுக்குப் பெருமை, ‘நம்ம ஜெபத்த யுனிவர்சிட்டியில கேப்பாங்களா?’ என்றார். தம்பி தோளைக் குலுக்கிச் சம்மதித்தான். ஆறு இரவுகள் பதிவுசெய்தேன். கருவியை அணைக்க மறந்ததால் அவற்றில் இரண்டு இரவுகளின் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து பதிவானது. (மறுநாளே கேட்டு அனுமதி வாங்கினேன், நெறிக்குழு நண்பர்கள் கவலைப்பட வேண்டாம்.)

என்னுடைய கருதுகோள் சிறியது, பாதுகாப்பானது. சார்லஸ் பெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்குக்குத் தமிழ்க் கிறிஸ்தவ ஜெபம் ஒரு நல்ல சான்று என்று காட்ட நினைத்தேன். ‘எனக்குத் தண்ணி குடு’ என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, கண்ணை மூடியதும் ‘தாரும்’, ‘இரங்கும்’, ‘கிருபை பாராட்டும்’ என்பார். வினைமுற்றுகளைப் பட்டியலிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

மூன்றாம் இரவின் பதிவை எழுதும்போது கை நின்றது. அப்பாவின் ஜெபத்தில் ஒவ்வொரு நாளும் ஓர் இடம் தம்பிக்கு உரியது. அவனுடைய நாவின் கட்டை அவிழ்க்க வேண்டும் என்பது முதல் விண்ணப்பம். அதைத் தொடர்ந்து வேறு சில: அவனுடைய விசுவாசக் குறைவை மன்னிக்க வேண்டும், பயிற்சி செய்யாமல் சோம்பியிருக்கும் மனதை மாற்ற வேண்டும், சபையில் வசனம் வாசிக்கக் கூச்சப்பட்டுப் பெற்றோரைத் தலைகுனிய வைக்கும் ஆவியை அகற்ற வேண்டும். குரலில் கோபம் இல்லை, உருக்கம் இருந்தது. ஒரு நாள் அழுதிருக்கிறார். பதிவில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்கிறது.

இர்விங் காஃப்மனைப் படித்தவர்கள் இங்கே நடப்பதை உடனே இனங்காண்பார்கள். பேச்சு ஒருவரை நோக்கியது. அதைக் கேட்டுக்கொண்டு இன்னொருவர் அருகில் இருக்கிறார். பேசுபவருக்கு அது தெரியும். முன்னிலை ஆண்டவர், படர்க்கை தம்பி. ஆனால் படர்க்கையானவன் இரண்டடி தொலைவில் முழங்காலில் இருக்கிறான். நேரில் சொன்னால் அவன் மறுக்கலாம், ‘நேத்து பயிற்சி செஞ்சேனே’ எனலாம், எழுந்து போகலாம். ஜெபத்தில் அவனுக்கு முறை கிடையாது. வழங்கப்படுவது ஒரே ஓர் இடம், இறுதியில் வரும் ‘ஆமென்’. தன்மேல் வாசிக்கப்பட்ட குறைப்பட்டியலுக்குத் தானே ஒப்பமிட வேண்டும். அம்மாவின் ஆமென் உடனே வருகிறது, என்னுடையதும் உடனே. ஆறு இரவுகளில் நான்கில் தம்பியின் ஆமென் பதிவாகவே இல்லை. மற்ற இரண்டில் எங்களுடையதற்கு ஏறத்தாழ மூன்று விநாடிகளுக்குப் பிறகு, உதடு மட்டும் பிரிந்த ஓர் ஒலி.

அந்த மூன்று விநாடிகளை அடைப்புக்குறிக்குள் எழுதியபோது, அவனுக்குத் திக்கியது என்றே முதலில் குறித்தேன். திரும்பக் கேட்டேன். ‘ஆ’ அவனுக்குத் திக்கும் ஒலியே அன்று.

இதுவரை படித்தவர்கள் அப்பாவின்மேல் கோபம் கொண்டிருக்கலாம். எனக்கும் அன்றிரவு வந்தது. ஆனால் சாப்பாட்டு நேரப் பதிவுகள் மீதமிருந்தன. அவற்றில் தம்பி பேசத் தொடங்கிய இடங்களை எண்ணினேன்: பதினான்கு. அவற்றில் ஒன்பதை முடித்துவைத்தவள் நான். அவன் ‘க…’ என்று நின்றால் ‘கரண்டா? கொழம்பா?’ என்கிறேன். ‘சி…’ என்றால் ‘சித்தி வந்தாங்களா?’ என்கிறேன். குரல் அன்பானது, சிரிப்புக் கலந்தது. கேள்விக்கும் விடைக்கும் இடையிலான இடைவெளியைப் பத்து மொழிகளில் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. சராசரி ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி என்று அது காட்டியது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. எங்கள் வீட்டுத் தமிழில் என்னுடைய அளவு எவ்வளவு என்று என்னிடம் தரவு இருந்தது. அரை விநாடிகூட அவனுக்கு நான் கொடுக்கவில்லை.

அந்தப் பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஏவல் வினைகளைப் பற்றித்தான் எழுதிக் கொடுத்தேன். மற்றது எதையும் எழுதவில்லை.

இனி அந்தக் கதவுமேல் வசனத்துக்கு வருகிறேன். 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவின் திருப்புதலே இன்றும் பெரும்பாலான தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமம். எங்கள் வீட்டு வேதாகமமும் அதுவே. அதில் ‘கெட்ட வார்த்தை’ என்று இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள அடைமொழி ‘சப்ரோஸ்’. அழுகுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்து, பழுதானது, உதவாதது என்று விரிந்த சொல். மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் தீய கனி தரும் மரத்துக்கும், பதின்மூன்றாம் அதிகாரத்தில் வலையிலிருந்து எடுத்து எறியப்படும் மீன்களுக்கும் இதே அடைமொழி வருகிறது.

அப்படியானால் மொழிபெயர்ப்பு தவறா? இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ‘கெட்ட’ என்பது ‘கெடு’ என்பதன் பெயரெச்சம். பால் கெடுகிறது, முட்டை கெடுகிறது. இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் சப்ரோசுக்குக் கிடைக்காது. நம்முடைய வழக்கில் ‘கெட்ட வார்த்தை’ என்பது ஒரு தொகைச்சொல்லாக இறுகி, வசைச்சொற்களின் பட்டியலுக்குப் பெயராகிவிட்டது. எழுதியவர்கள் கெட்டுப்போன சொல்லைப் பற்றி எழுதினார்கள். நாங்கள் தகாத சொல்லைப் பற்றிப் படித்தோம். பட்டியலாக இருந்தால் காவல் காப்பது எளிது; சோப்பு போதும்.

மீன்காரரிடம் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். மத்தி கெட்ட சாதி, வஞ்சிரம் நல்ல சாதி என்று கிடையாது. காலையில் நன்றாக இருந்தது மாலையில் கெடும். வார்த்தையும் அப்படியே கெடுகிறது: எந்த நேரத்தில், யார் முன்னிலையில், எத்தனையாவது முறை என்பதைப் பொறுத்து. நாக்கின் கட்டை அவிழ்க்கும்படி வேண்டுவது நல்ல விண்ணப்பம். பத்தாண்டுகளாக இரவுதோறும், அந்த நாக்குக்கு உரியவன் கேட்கும்படி, பசியோடு அவன் முழங்காலில் இருக்கும்போது சொல்லப்படுமானால் அது ஊசிப்போகும். பொருளியல் இதைக் கண்டுபிடிக்காது. அகராதியில் ஒவ்வொரு சொல்லும் தூயது. ஆயாவின் ‘நாசமாப் போறவனே’ அகராதிப்படி சாபம். அந்த வீட்டில் தம்பி விரும்பிக் கேட்ட சொல்லும் அதுவே.

வசனத்தின் பிற்பகுதியை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோமே தவிர நின்று பார்த்ததில்லை. ‘பக்திவிருத்தி’ என்று தமிழில் உள்ள இடத்தில் கிரேக்கத்தில் ‘ஒய்கொடொமே’. வீடு என்பதையும் கட்டுதல் என்பதையும் சேர்த்து ஆன சொல். தேவைக்கு ஏற்பக் கட்டியெழுப்பும் சொல்லையே பேசும்படி பவுல் எழுதுகிறார். அது கேட்கிறவர்களுக்குக் கிருபையாக இருக்க வேண்டும் என்கிறார். அளவுகோல் முழுவதும் கேட்பவர் பக்கத்தில் இருக்கிறது. பேசுபவரின் உருக்கமோ உத்தமமோ அங்கே எடை போடப்படவில்லை. பக்தி என்றதும் சபையையும் மேடையையும் நினைத்துக்கொண்ட நாங்கள், அந்த வசனத்துக்குள் ஒரு வீடு இருப்பதைப் பார்க்கத் தவறினோம்.

அதே ‘ஒய்கொடொமே’யின் வினைவடிவம் 1 கொரிந்தியர் பதினான்காம் அதிகாரத்தின் பதினேழாம் வசனத்தில் வருகிறது. முந்தின வசனத்தில் பவுல் ஆமென் பற்றிக் கேட்கிறார்: உன் ஜெபம் புரியாதவன் எப்படி ஆமென் சொல்வான்? தொடர்ந்து, நீ நன்றாகத்தான் ஸ்தோத்திரம் செய்கிறாய், ஆனால் மற்றவன் கட்டப்படவில்லை என்கிறார். அவர் பேசுவது அந்நிய பாஷையைப் பற்றி. எங்கள் வீட்டு நிலைமை வேறு, அப்பாவின் ஒவ்வொரு சொல்லும் தம்பிக்கு நன்றாகவே புரிந்தது. ஆயினும் ஜெபம் ஒன்று தன்னளவில் நன்றாக இருந்துகொண்டே அருகிலிருப்பவனைக் கட்டாமல் விடலாம் என்பதைப் பவுல் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்குப் பெரிய ஆறுதல். அப்பாவின் ஜெபம் பொய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் குற்றத்துக்கும் வசனம் இருந்தது. கேட்டு முடிக்குமுன் விடை சொல்வதைப் புத்தியீனம், வெட்கம் என்கிறது நீதிமொழிகள் 18:13. அதைத் தர்க்கம் செய்பவர்களுக்கான அறிவுரையாகவே ஞாயிறு பள்ளியில் கற்றிருந்தேன். கருத்தரங்குகளில் கேள்வி முடியுமுன் விடை தொடங்கும் பேராசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்திருந்த என்னை அதில் கண்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மொழிநூல் மாணவர்களுக்குச் சுவைக்கும். யாத்திராகமம் 4:10-இல் மோசே தன் திக்குவாயையும் மந்தநாவையும் ஆண்டவரிடம் முறையிடுகிறான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் பதிப்பில் மந்தநாவுக்குரிய சொல் ‘பிரடுகுளோசோஸ்’. அதன் முதற்பகுதியாகிய ‘பிரடுஸ்’, மெதுவானது எனப் பொருள்படுவது. யாக்கோபு 1:19-இல், கேட்பதற்கு விரைவும் பேசுவதற்குத் தாமதமும் வேண்டும் என்று எல்லாருக்கும் கட்டளையிடும் இடத்திலும் தாமதத்துக்கு உரிய சொல் அதே ‘பிரடுஸ்’. யாக்கோபு மோசேயை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. அவ்வளவு சாதாரணமான சொல் அது. தம்பியிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் சிரித்தான். ‘அ…அப்ப நம்ம வீட்டுல க…கட்டளைய கைக்கொண்டவன் நான் ஒருத்தன்தானா?’ என்றான்.

அந்தச் சிரிப்புக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. முதலில் அவனிடம்தான் பேசினேன். கைப்பேசியில் எழுத்தில், அது அவனுக்கு வசதி. பதிவில் நான் எண்ணியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எழுதினான்: ‘அக்கா, நீ எடுத்துக் குடுக்கிற வார்த்தை பாதி நேரம் நான் சொல்ல வந்ததே இல்ல. ஆனா அது இல்லன்னு சொல்ல இன்னொரு தடவ திக்கணும். அதனால ஆமான்னு சொல்லிட்டுப் போயிருவேன்.’ அவனுடைய விருப்பங்கள் என்று வீட்டில் நாங்கள் அறிந்திருந்தவற்றில் எத்தனை என்னுடைய ஊகங்கள் என்று அதன்பின் யோசித்தேன். அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தோம்.

அப்பாவிடம் பேசியதில் பெரும்பிழை செய்தேன். அடுத்த விடுமுறையில், ஜெபம் முடிந்து எல்லாரும் தட்டின்முன் உட்கார்ந்திருக்கும்போது, சப்ரோஸ், ஒய்கொடொமே, காஃப்மன் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். நான் சொன்னவற்றில் தவறு எதுவும் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மறுபடியும் அவனைப் பற்றி அவன் முன்னிலையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பா சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தார். ‘படிச்சிட்டு வந்து எனக்கு ஜெபிக்கக் கத்துக் குடுக்கிறியாம்மா? சரி, நீயே ஜெபி’ என்றார். பதினோரு நாள் குடும்ப ஜெபம் நடக்கவில்லை. என் நினைவில் அதுவரை ஒரு நாளும் அது நின்றதில்லை. கெட்டுப்போன பேச்சைப் பற்றிய என் பேச்சு அந்த இரவுக்குள்ளேயே கெட்டுவிட்டது.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில், தெக்கப்போலியின் எல்லையில், செவிடும் கொன்னைவாயுமான ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். கொன்னைவாய்க்கு மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது; சிரமப்பட்டுப் பேசுபவன் என்று அதற்குப் பொருள். ‘எப்பத்தா’ என்ற அரமேயச் சொல்லுக்காகப் பிரசங்கங்களில் இப்பகுதி அடிக்கடி எடுக்கப்படும். அதற்குமுன் ஒரு சிறு செயல் நடக்கிறது: இயேசு அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். கூட்டம் அவனுக்காகவே மன்றாடிக்கொண்டிருந்தது. நல்லெண்ணத்தோடுதான். அதன் நடுவிலிருந்து அவனை முதலில் வெளியே எடுக்கிறார்.

அப்பாவை நானும் தனியே பார்த்தேன். மாரிக்குப்பம் நடைமேடையில், விடியுமுன், அவர் ரயிலுக்காக. நான் பெங்களூர் வழியாக ஐதராபாத் திரும்புவதற்காக. கிரேக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ‘அப்பா, தம்பி பேசும்போது நான் முடிச்சு முடிச்சு வெச்சிருக்கேன்பா. பதிவுல கேட்டேன். எனக்கு அசிங்கமா இருக்கு’ என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஊரிகம், கோரமண்டல் எல்லாம் கடந்து, பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியபின் அவர் பேசினார். ‘அந்தக் கெடங்குல நான் கன்னடத்துல ஒரு வரி தொடங்குவேன். எங்க மேலாளர் பையன் முடிச்சிருவான். சரியாத்தான் முடிப்பான். நல்ல பையன்தான். ஆனா அன்னிக்கு முழுக்க எனக்கு வேற எதுவும் பேசத் தோணாது.’ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அந்த ரயிலில் போய்வருகிறார். வேலையிடத்தில் என்ன மொழியில் பேசுவீர்கள் என்று மொழியியல் படிக்கும் மகள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அதன்பின் எங்கள் வீடு மாறிவிட்டது என்று எழுத ஆசை. அப்பா குடும்ப ஜெபத்தில் தம்பியின் நாவைப் பற்றிய விண்ணப்பத்தை நிறுத்தினார். அவருடைய தனி ஜெபத்தில் அது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்திய முதல் சில இரவுகளில், அந்த இடம் வந்ததும் ஜெபம் ஒரு கணம் தடுக்கி நிற்குமாம். அம்மா தொலைபேசியில் சொன்னார். ஆனாலும் ‘மெதுவா, மூச்ச இழுத்து’ என்ற பழைய சொல் அவர் வாயில் இன்னும் வருகிறது. என் கை இன்னும் சில நேரம் என் வாயின்மேல் போய் அமர வேண்டியிருக்கிறது. தம்பி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான்; வாரக் கடைசியில்தான் வருவான், சில வாரங்கள் வருவதில்லை. கொலோசெயர் 3:21 பிள்ளைகள் மனம் தளரும்படி நடக்க வேண்டாம் என்று தகப்பன்மாரை எச்சரிக்கிறது. தளர்ந்த மனம் எத்தனை ஆண்டுகளில் நிமிரும் என்று அங்கே எழுதப்படவில்லை.

எனக்கு எழுதியே பழகியவன், சென்ற ஆண்டு முதல் குரல்பதிவுகள் அனுப்புகிறான். மற்ற எல்லாருடைய குரல்பதிவுகளையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அவனுடையதை அப்படிக் கேட்பதில்லை.

கடந்த டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு முந்தின இரவு நால்வரும் வீட்டில் இருந்தோம். கீர்த்தனை முடிந்ததும் வேதாகமத்தை எடுக்க அப்பா கையை நீட்டினார். தம்பி அதற்குமுன் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை, யாரும் ஆச்சரியப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. லூக்கா இரண்டாம் அதிகாரம். முதல் வசனம் ஓரளவு எளிதாகப் போயிற்று. இரண்டாம் வசனத்தில் சீரியா. அதைக் கடந்ததும் அடுத்த சொல்லே அந்தத் தேசாதிபதியின் பெயர், சிரேனியு. முதல் ஒலியில் நின்றான். கழுத்து நரம்பு எழுந்தது, கண் மூடியது. அப்பாவின் வலக்கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சமையலறையில் குக்கர் முதல் விசில் அடித்தது, பிறகு இரண்டாவது. அம்மா மூன்றில் இறக்குபவர். மூன்றாவதும் அடித்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.